காதில் விழாத கேள்வி

புந்தோங், ஈப்போ.

அன்பு மகள் தினேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் பூனையும் தினமும் சண்டை போட்டுக்கொண்டு நலமாகத்தான் இருக்கிறோம், தோஹா வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். சாயங்காலமானால் மழை, பின்கட்டில் ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருக்கிறேன். உன் அத்தை மகள் பிரமிளா சனிக்கிழமை தவறாமல் வந்து மீன்குழம்பு வைத்துவிட்டுப் போகிறாள், ஒரே ஆளாகச் சாப்பிட்டால் ஒரு சட்டிக் குழம்பு புதன்கிழமை வரைக்கும் வருகிறது.

நீ அனுப்பிய படம் பார்த்தேன். விமான எஞ்சின் பக்கத்தில் பெருமையாக நிற்கிறாய், காதுக்கவசம் கழுத்தில் தொங்குகிறது. படத்துக்காகக் கழற்றினேன் என்பாய். இருபத்தாறு வருடம் விமானத்தில் மூட்டை ஏற்றியவனிடம் அந்தக் கதை வேண்டாம், நானும் வேர்க்கிறது என்று கழுத்தில்தான் மாட்டியிருந்தேன். ஒரு ஆயுத பூஜைக்கு, மூட்டை இழுக்கும் வண்டிக்குப் பொட்டு வைக்க நானும் கூட வேலை செய்த அர்ச்சுனன் அண்ணனும் தட்டு நிறைய விபூதியோடு குறுக்கு வழியில் போனோம். ஒரு விமானம் எஞ்சின் ஓட நின்றது, தூரம் போதும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அது லேசாகத் திரும்பியதும் அடித்த பின்காற்றில் தட்டு வேலி தாண்டிப் போனது, விபூதி மொத்தமும் எங்கள் சூப்பர்வைசர் வோங் மேல். தலை முதல் பூட்ஸ் வரை வெள்ளையாக நின்றுகொண்டு, இன்றைக்கு நான் கோழி சாப்பிடலாமா கூடாதா என்று மலாயில் கேட்டார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பின்னால் போனதால் தள்ளியது, முன்னால் போயிருந்தால் தட்டோடு உன்னையும் உள்ளே இழுத்திருக்கும், வீட்டில் உன் படத்துக்குத்தான் பொட்டு வைப்பார்கள் என்றார். அதற்குமேல் நான் சிரிக்கவில்லை.

ஆனால் இழுப்பதும் தள்ளுவதும் தெரிகிற ஆபத்து, ஒதுங்கிக்கொள்ளலாம். சத்தம் அப்படி இல்லைம்மா, அன்றைக்கு ஒன்றும் செய்யாது, வருடக்கணக்கில் அரித்து எடுத்துவிடும். எனக்குக் காது போய்விட்டது. அம்மா இருந்தவரை நீ போனில் சொல்வதையெல்லாம் அவள் கேட்டு என் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொல்வாள், அதனால் உனக்குத் தெரியாமல் போனது. அவள் போன இந்த ஒன்றரை வருடமாக எனக்குக் கேட்பது வெறும் இரைச்சல்தான். நீ பேசி நிறுத்தினால் சரிம்மா என்பேன், மறுபடி நிறுத்தினால் நல்லதும்மா என்பேன். செவிட்டு அப்பனிடம் என்ன பேசுவது என்று நீ போன் செய்வதைக் குறைத்துவிடுவாயோ என்ற பயம். ஒன்றும் புரியாவிட்டாலும் ஞாயிறுதோறும் நீ பேசும் அந்த அரைமணி நேரமும் போனைக் காதிலிருந்து எடுக்கமாட்டேன்.

போன சனிக்கிழமை பிரமிளா என் காதருகில் வந்து, அக்கா அங்கேயே இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்து போடப் போறாங்களாம், நீங்கதான் சரின்னு சொல்லிட்டீங்களாமே மாமா, என்ன மாமா இப்படி, என்று கத்தினாள். நீ கேட்ட அந்தக் கேள்வி என் காதில் விழவே இல்லை. எனக்கு டைப் பண்ண வராது, இதை அவள் கையால் எழுத வைக்கவும் வெட்கமாக இருந்தது, அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

உனக்கு அந்த வேலை பிடித்திருந்தால் தாராளமாகக் கையெழுத்துப் போடு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அப்பா சரி என்றார் என்பதற்காகப் போடாதே. அப்பா அப்படிச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், என்னால் இந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, நீ வந்துவிடு என்றுதான் சொல்வேன்.

முருகன் துணையிருப்பான், நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும். இதற்குப் பதிலை எழுதி அனுப்பு, அப்போதுதான் எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனையும் நிறுத்திவிடாதே.

உன் அப்பா,
பழனியப்பன்