வேறு நிறத்தில் ஒரு புள்ளி

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் நீ நலம்தான், தெரியும். என் மெசேஜையெல்லாம் பார்க்கிறாய், பதில் மட்டும் போடுவதில்லை. விடுதி அறையில் உன் வாயை மூட வைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா? இப்போது அது தானாகவே மூடிக்கொண்டது. ஆபீஸ் மெயிலில் எழுதினால் உங்கள் பெரிய டாக்டர் கண்ணில் படும். அதனால் உங்கள் ஊருக்கு வரும் எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் தம்பிக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததை எழுதியிருந்தேன். குறைமாதம். ஒரு பையன், ஒரு பெண். இரண்டு பேரும் எங்கள் ஆஸ்பத்திரியின் பச்சிளம் குழந்தைகள் வார்டில்தான் இருந்தார்கள். பையன் போய்விட்டான். உடம்பு சில்லிட்டதும் ரத்தம் எடுத்து என் லேபுக்கு அனுப்பினார்கள், வழக்கமாகப் போடும் ஆன்டிபயாடிக்கைப் போட்டார்கள். அவன் ரத்தத்தில் இருந்த கிருமிக்கு அது வெறும் தண்ணீர். அது எனக்குத் தெரியவந்தபோது பிள்ளை இல்லை. தம்பி அழக்கூட இல்லை. "அக்கா, நீ அந்த லேப்லதானே இருக்கே? இப்படி ஒண்ணு சுத்துதுன்னு முன்னாடியே யாருக்கும் தெரியாதா?" என்று மட்டும் கேட்டான். யாருக்கும் தெரியாதுடா என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் கிருமியின் மரபணு வரிசை வந்தது. அதன் வகை எண்ணையும், மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களையும் எங்கோ பார்த்த ஞாபகம். போன மாநாட்டில், உங்கள் ஆஸ்பத்திரிக் கிருமியைப் பற்றிய உன் ஆய்வு போஸ்டர் முன்னால் நாம் இரண்டு பேரும் நின்று எடுத்துக்கொண்ட போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் தலைக்கு மேலே அதே எண், அதே மரபணுக்கள். மரபணு வரிசைகளைச் சேர்த்துவைக்கும் பொதுக் களஞ்சியத்தில் நீங்கள் ஏற்றிய பதிவு எண்ணும் இருந்தது. போட்டுத் தேடினேன். கட்டுரை வெளிவரும்வரை பதிவு மூடியிருக்கும் என்று வந்தது.

அது ஊர் வழக்கம்தான். வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாதென்று எல்லோருமே வெளியிடும் தேதியை ஒரு வருடம் தள்ளிப் போடுகிறார்கள். உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை, வயிறு எரிகிறது. பக்கத்து ஊரில் இது சுற்றுகிறது என்று தெரிந்திருந்தால் எங்கள் டாக்டர்கள் முதல் ஊசியையே மாற்றிப் போட்டிருப்பார்கள். பையன் கட்டாயம் பிழைத்திருப்பான் என்று சொல்ல மாட்டேன். பிழைத்திருக்கலாம்.

அது போகட்டும். அவனுக்குப் பிறகு இன்னும் இரண்டு குழந்தைகள் போய்விட்டார்கள். சரியான மருந்து போட்டும் தாங்கவில்லை. புதிதாக யாரையும் உள்ளே சேர்ப்பதில்லை. கைகழுவும் தொட்டி, எடை பார்க்கும் மெஷின், நர்சுகளின் கை, அவர்கள் பையிலிருக்கும் போன்வரை பஞ்சால் ஒற்றியெடுத்து லேபில் வளர்த்துப் பார்த்துவிட்டேன். எதிலும் அது முளைக்கவில்லை. சனியன் வார்டுக்குள் எங்கேயோ குடியிருக்கிறது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

உன் போஸ்டரில் இருக்கும் வரைபடத்தில், குழந்தைகளின் ரத்தத்தில் கிடைத்த கிருமியெல்லாம் சிவப்புப் புள்ளி. ஒன்றே ஒன்று நீலம். அது குழந்தையிடம் எடுத்ததில்லை. உங்கள் வார்டில் ஏதோ ஒரு பொருளிலிருந்து எடுத்திருக்கிறாய். எதிலிருந்து? 'நீலம்: வார்டுப் பொருள்' என்பதுவரை போட்டோவில் தெரிகிறது, எந்தப் பொருள் என்று அச்சடித்த மூலையை உன் தோள் மறைக்கிறது.

நீ போனை எடுத்த ஒரே தடவை, பெரிய டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆஸ்பத்திரி பேர் கெட்டுவிடும் என்று சொல்லி வைத்துவிட்டாய். பேரை எடுத்துவிடுங்கள், ஊரையும் எடுத்துவிடுங்கள், யார் கேட்டது? எங்கள் கிருமியின் வரிசையை எங்கள் ஆஸ்பத்திரி பேரோடேயே, எல்லோரும் பார்க்கும்படி நான் ஏற்றிவிட்டேன். அதற்கு எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். கொடுத்துவிட்டுப் போகட்டும்.

பெண் குழந்தை இன்னும் அந்த வார்டில்தான் இருக்கிறாள். வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிற எடை அவளுக்கு இல்லை. இதுவரை அவளை அது தொடவில்லை. தினமும் அவள் ரத்தக் குப்பி என் மேசைக்கு வந்ததும் மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அதைத்தான் முதலில் எடுக்கிறேன்.

டிரைவர் சாயங்காலம்வரை உங்கள் வாசலில் இருப்பார். பெரிதாக எழுத வேண்டாம். அந்தப் பொருள் எது என்று ஒரு வார்த்தை போதும். கையெழுத்துகூட வேண்டாம். பதிவைத் திறக்கச் சொல்லி உங்கள் பெரியவரிடம் நாளைக்குச் சண்டை போடு. இந்த வார்த்தையை இன்றைக்கே கொடு.

உன் மகன் இந்த வருடம் பள்ளிக்கூடம் போகிறானாமே. நோய்நொடி அண்டாமல் நன்றாக இருக்கட்டும், இந்தப் பெரியம்மாவின் முத்தத்தைக் கொடு. இங்கே இவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆசையாக வைத்த பையன் பெயரை இறப்புச் சான்றிதழில்தான் எழுதிக் கொடுத்தான் தம்பி. அதிலிருந்து பெயர் என்றாலே எழுந்து போய்விடுகிறான். இவளுக்கு வைக்கலாம்டா, பயமில்லை என்று நான் போய் அவனிடம் சொல்ல வேண்டும்.

உன் பதிலுக்காக,
உன் அறைத்தோழி