முதல் அழுகை

அன்புள்ள உங்களுக்கு,

"வயித்தைக் கிழிச்சு எடுத்தா, ரெட்டைல முதல்ல வர்ற தாய்வோ யாரு, பின்னால வர்ற கெஹிந்தே யாருன்னு டாக்டரா முடிவு பண்றது?" என்று உங்கள் அம்மா கோபித்துக்கொண்டார். உள்ளேயிருக்கும் மூத்த கெஹிந்தேதான் உலகம் எப்படியென்று பார்த்துவர இளைய தாய்வோவை முன்னால் அனுப்புகிறது என்று நீங்களும் நம்புகிறவர்தான். நம் தாய்வோவோ கருப்பை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு கிளம்ப மாட்டேன் என்கிறது.

"தானாப் பொறக்கட்டும்னு காத்திருந்தா மூணு பேருக்கும் ஆபத்து" என்றார் டாக்டரம்மா. சம்மதித்துவிட்டேன். ஒன்று மட்டும் கேட்டேன். "முதல் குழந்தை அழுதப்புறம் மத்ததை எடுங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அது வரணும்."

சிரிக்காமல் தலையாட்டினார். அதன்பிறகே உங்கள் அம்மா எனக்கு அமலாக் களி கிளறிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன்; அதற்குள் இபாதான் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். ஆபரேஷன் அறைக் கதவருகே நில்லுங்கள். அந்த அழுகை மயக்கத்தில் எனக்குக் கேட்காமல் போனாலும் உங்களுக்காவது கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டு பேரைச் சுமப்பவள்