ஏழு அம்புகள்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

போனில் சொன்னால் "மீட்டிங்க்கா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை ஏறினால், இறங்கினால் என்ன செய்வது என்று பெட்டியும் அம்புமாக நீ வரைந்து அனுப்பிய படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நேற்று நானே கிழித்தும் போட்டுவிட்டேன்.

நான் ஆபீசில் இருந்தபோது அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியிருக்கிறது. அப்பா உன் படத்தில் விரலை வைத்துக் கோட்டைப் பிடித்துப் போயிருக்கிறார். நாலு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விரல் தடம் மாறிவிட்டது. ஜூஸ் கொண்டுவர வேண்டியவர் இன்சுலின் ஊசியோடு வந்து நின்றிருக்கிறார். அம்மா கையைத் தட்டிவிட்டதால் பிழைத்தாள்.

சிவப்புக் கோடு ஆபத்து, பச்சை பரவாயில்லை என்று மூலையில் எறும்பு சைஸில் எழுதியிருக்கிறாய். அப்பாவுக்கு இரண்டும் ஒரே நிறம் என்பது மறந்துபோச்சா? சின்ன வயதில் பச்சை என்று நினைத்து அவர் உனக்குச் சிவப்புச் சட்டை வாங்கிவந்ததற்கு, நீ ஊரைக் கூட்டி அழுதாயே?

தொழிற்சாலைக் குழாய்களுக்கெல்லாம் படம் போடுகிறவன் நீ. கோடு கோட்டை வெட்டக் கூடாது, எழுத்து கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும், மேலே தொடங்கிக் கீழே முடிய வேண்டும். இதையெல்லாம் நானா சொல்லித்தர வேண்டும்?

கோபத்துடன்,
அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

தப்புதான். வேலை அவசரத்தில் கடமைக்குப் போட்டுவிட்டேன். புதுப் படம் இணைத்திருக்கிறேன். கறுப்பு மட்டும்தான். ஆபத்துக்குத் தடித்த கோடு. எந்தக் கோடும் இன்னொன்றைத் தொடாது. இதிலும் குறை சொன்னால் நான் தொழிலை விட்டுவிடுகிறேன்.

தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

தொழிலை விடவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மறுபடி நடுக்கம் வந்தது. அப்பா ஜூஸ் கொடுத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். படத்தில் குறையே இல்லை.

ஆனால் கோடுகள் பிரிந்த பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. மருந்து தீர்ந்தால், அக்கா. டாக்டரிடம் தேதி வாங்க, அக்கா. அப்பாவுக்குப் பயம் வந்தால், அக்கா. மொத்தம் ஏழு அம்புகள், ஏழும் என் பெட்டியில் வந்து முடிகின்றன. பழைய படத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும், அந்தச் சிக்கலில் தெரியவில்லை. எனக்கு அலுத்துவிட்டதுடா.

அப்பாவிடம் காட்டினேன். "இதுல அவன் எங்கம்மா இருக்கான்?" என்று கேட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டும் தேடினார்.

அதனால் ஒரு பெட்டி வரைந்து உன் நம்பரை எழுதிவிட்டேன். ஆபத்துக் கோடு என்னிடமே இருக்கட்டும். மருந்து, டாக்டர் தேதி, அப்பாவின் பயம், இந்த மூன்று அம்புகளை மட்டும் உன் பக்கம் திருப்பியிருக்கிறேன். கோணலாக இருக்கிறது, ஆனால் எதையும் வெட்டவில்லை.

அப்பா விரலை வைத்துக் கோட்டைப் பிடித்து உன்னிடம் வருவார். மீட்டிங் என்று வைத்துவிடாதே.

அக்கா