ஊற்றுமுடியை விட்டு இறங்குக

மலையும் மழையும் தம்முள் பகையாதிருக்க. தந்தைக்குப் பின் செம்பரை நாட்டு அரியணையில் நான்காம் ஆண்டாக அமர்ந்திருக்கும் நல்லினி, நம் மேற்கெல்லைப் படைத்தலைவரும், எம் தாயுடன் பிறந்தவரும், எமக்கு வாள் பிடிக்கக் கற்பித்தவருமான பெருஞ்சேந்தனார்க்கு விடுக்கும் ஓலை. தங்களுடன் நிற்கும் நாற்பது வீரர்க்கும் நலமே நேர்க. தங்கள் முழங்கால் வலி மலைக்குளிரில் மிகாதிருக்க.

ஐந்து கொடுமுடியும் நமதாயின, ஊற்றின்மேல் காவல் நிறுத்தினேன் என்று தாங்கள் எழுதிய ஓலை நேற்று முன்தினம் வந்தது. யாம் மகிழ்ந்தோம், அதை மறைப்பதற்கில்லை. கிணறுகள் சேறு கக்கும் இவ்வேனிலில், எந்தை எந்த மலைக்காகப் பொருது மடிந்தாரோ அந்த மலை ஓர் அம்பும் எய்யாமல் கைக்கு வந்ததென்று கேட்டு, அவை கலையுமுன்னே முரசறையச் சொன்னோம்.

நேற்றுப் பகல், நமக்காக மலை நடந்த சாத்தி என்னும் உப்புச் சுமப்பவள் பரிசில் பெற வந்தாள். தட்டை நீட்டியபோது அவள் கை நீட்டவில்லை. “எனக்கு வேண்டாங்க. மொதல்ல நடந்ததக் கேளுங்க” என்றாள். அவள் உரைத்ததை ஆங்காங்கே அவள் சொல்லிலேயே எழுதுவிக்கிறோம். எம் சொல்லில் மாற்றினால் அதன் கனம் குறையும்.

இவ்வோலை தங்கள் வீரர் கேட்கவும் படிக்கப்படும் ஆதலின், தாங்கள் அறிந்த உடன்படிக்கையையும் கூறுகிறோம். நமக்கும் தோன்றி நாட்டார்க்கும் நெடுநாள் வழக்கிலிருந்த மலைத்தொடரைப் பகிர, இரு நாட்டிலிருந்தும் ஒவ்வொருவர், ஒரே நாள் ஞாயிறு எழும்போது, இரு முனையிலிருந்தும் ஏறுவது. அவர்கள் எதிர்ப்படும் இடமே எல்லை. ஒருவர் நடை ஓய்ந்தால், மற்றவர் பொழுது சாய்வதற்குள் எட்டிய இடமே எல்லை.

சாத்தி கிழக்கடிவாரத்திலிருந்து ஏறினாள். நரிப்பாறையை வெயில் சுடுமுன் கடந்தாள். இரட்டைச்சுனை உச்சியில் சுனைகள் இரண்டும் வறண்டிருக்க, நில்லாமல் போனாள். மூன்றாவதான புகைமுடியில் காற்று ஆளைத் தள்ளியதால் கையூன்றித் தவழ்ந்தே ஏறினாள். அங்கே எதிர்ப்பட வேண்டிய தோன்றி நாட்டு ஆதனைக் காணவில்லை. புகைமுடிக்கும் நான்காவதான மொட்டைமுடிக்கும் இடைப்பட்ட தாழ்வில், சரிந்த கற்களின் நடுவே அவன் கிடந்தான். இடக்கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து எலும்பு வெளியே தெரிந்தது. ஐந்தாவதான ஊற்றுமுடியையும் மொட்டைமுடியையும் தன் காலால் கடந்து வந்தே அங்கு வீழ்ந்திருந்தான்.

அவன் காலைத் தன் தலைத்துணியால் இறுகக் கட்டி, ஆளை முதுகில் ஏற்றினாள். மேற்கே அவன் ஊர் இரண்டு முடி. கிழக்கே நம் ஊர் மூன்று முடி. அவள் மேற்கே திரும்பவும், அவன் அழுதானாம்.

“அந்தப் பக்கம் போகாத தாயி. நீ எட்டுற எடமெல்லாம் உங்களோடதாயிரும். எங்க ஊருக்கு அந்த ஊத்துதான் தண்ணி. என்னை வேணா இங்கயே போட்டுட்டுப் போ.”

“மூணு முடி தாங்க மாட்ட. பேசாம வா” என்றாளாம் இவள்.

மொட்டைமுடியில் மஞ்சு இறங்கி வழியை மறைத்தது. சாத்தி அதற்கப்பால் ஒருநாளும் சென்றவளல்லள். இருபுறமும் பள்ளம். வழி கேட்டாள், ஆதன் வாய் திறக்கவில்லை. வழி சொன்னால் ஊற்றைத் தன் வாயாலே கொடுத்ததாகும் என்று, அவன் சாகவே துணிந்திருந்தான். ஈரப்பாறையில் இருவரும் நெடுநேரம் அசையாதிருந்தனர். அவன் நடுக்கம் குறைந்துகொண்டே வருவதை முதுகில் உணர்ந்தபோதுதான் தனக்கு அச்சம் வந்தது என்றாள். பிறகு அவள் செய்ததே அம்மான் அறிய வேண்டுவது.

“எங்க அரசி மேல ஆணை, ஊத்த நாங்க கேக்க மாட்டோம்னு சொல்லிட்டேங்க. உங்களக் கேட்டுக்க அங்க ஏது வழி? அதுக்கப்புறந்தான் அவரு வாய் தொறந்தாரு. கல்லு கல்லாச் சொல்லிக்கிட்டே வந்தாரு. காலு என்னுது, வழி அவருது. நான் சொன்னது தப்புன்னா என்ன தண்டனைன்னாலும் குடுங்க.”

அவ்வழியே பொழுது சாயுமுன் ஊற்றுமுடியையும் கடந்து அவனை அவன் ஊரில் சேர்த்தாள், ஐந்து முடியும் நமதானது அதனால்தான். அவளுக்கு எம் பெயரால் ஆணையிட உரிமையில்லை, ஆதலின் அது செல்லாது என்றார் அமைச்சர். அது சரியான சட்டமே. பொழுது சாயும்வரை யாமும் அதையே பற்றி நிற்க முயன்றோம். அரண்மனைக் கிணற்றடியில் குடங்களோடு நின்றவர்களைப் பார்த்தோம். அந்த ஊற்று நமக்கு வேண்டும், அம்மான். வேண்டாமென்று யாம் பொய் சொல்லப் போவதில்லை.

அப்போது தோன்றி நாட்டுத் தூதர் வந்தார். ஆதன் பிழைத்தான், கால் பிழைக்கவில்லை என்றார். உயிருக்காக ஊற்றை விற்றவன் என்று ஊரார் அவனைத் தூற்றுகின்றனர். ஆணை பெற்றேன் என்று அவன் கூற, அவர்கள் ஊற்றின்மேல் நிற்கும் நம் நாற்பது வேல்களைக் காட்டுகின்றனர். அவன் மனைவிக்கு அத்தெருவில் ஒருவரும் நீர் தருவதில்லை. தூதர் எதையும் வேண்டவில்லை. அப்படி ஓர் ஆணை உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றோம். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எமக்கு நேரமாயிற்று.

ஆகவே, இவ்வோலை கண்ட அன்றே தாங்கள் ஊற்றுமுடியை விட்டு இறங்குக. ஆதன் வீழ்ந்த தாழ்விலே எல்லைக்கல் நடுக. நாற்பதின்மரும் வேல்களை வைத்துவிட்டு மண்வெட்டியோடு நம் கிணறுகளுக்கு வருக. தோண்டினால் நீர் வருமோ, அறியோம். சாத்திக்குத் தண்டனை இல்லை. அன்று அம்மலையில் எம் பெயர் அவள் வாயில் எம்மினும் நன்றாக இருந்தது.

எந்தையின் குருதி அங்கே சிந்தியதென்று தாங்கள் சொல்வீர்கள். சினம் கொள்க, ஆயினும் இறங்குக. திரும்புமுன் மேற்கே இறங்கி ஆதன் வீட்டு வாயிலில் நின்று, ஆணை உண்டு, அது அரசியின் ஆணையே என்று தெருவெல்லாம் கேட்கத் தங்கள் வாயாலே சொல்லிவிட்டு வருக.

ஓலைநாயகன் கண்டன் எழுத, எழுதியதை யாமே படித்து, எம் கையால் இலச்சினை பொறித்தோம். இதற்கு மறு ஓலை வேண்டாம்.