காலி என்றொரு சொல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நம் துப்பாக்கி சுடும் கிளப்பின் கமிட்டி போன மாதம் பலமுறை கூடி, கருத்து வேறுபாடுகளைப் பெருந்தன்மையோடு கடந்து, வருங்காலம் மறக்க முடியாத ஒரு முடிவை எடுத்தது. இனிமேல் ரேஞ்சில் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சொல் ‘காலி’. தீர்மானம் நிறைவேறியதும் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். மற்றவர்கள் நிற்காமல் தட்டினார்கள்.

வழக்கமாக முதல் வரியிலேயே ‘இங்கு அனைவரும் நலம்’ என்று எழுதுவேன். இந்த முறை, இங்கு அனைவரும் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதுகிறேன். அது இன்னும் துல்லியமாக இருக்கும். உன் கப்பல் எந்தத் துறைமுகத்தில் இந்தக் கடிதத்தைப் பிடிக்குமோ தெரியாது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ எப்போதும் அப்பாவின் போனுக்குத்தான் கூப்பிடுகிறாய், அவரும் ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார்.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ஏறுவதற்கு ஏதாவது காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள். அப்பாவுக்கு வலது காது இன்னும் மந்தமாகியிருக்கிறது. காது மெஷின் வாங்கலாம் என்றால், எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, உங்களுக்குத்தான் பேசத் தெரியல என்கிறார்.

சொல் விஷயத்துக்கு வருகிறேன். நீ சுட்ட காலத்தில் எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஒருத்தர் ‘ஆச்சு’ என்பார், ஒருத்தர் ‘முடிஞ்சது’ என்பார், ஒருத்தர் விசில் அடிப்பார், நம் அப்பா கையைத் தூக்குவார். புதிதாகச் சேர்ந்தவர்கள் குழம்பிப் போனார்கள். ஒரு கிளப், ஒரு சொல் என்று தலைவர் முழங்கினார். இப்போதைய தலைவர் ஒரு பல் டாக்டர். முதலில் அவர் ‘சுத்தம்’ என்று வைக்கலாம் என்றார். அவர் தொழிலில் அது நல்ல சொல். ஆனால் நம்ம ஆளுங்க ‘சுத்தம்’னு சொன்னா ஏதோ கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் சார் என்று பிஸ்டல் ரேஞ்சைப் பார்த்துக்கொள்பவர் சொன்னார். அவருக்குக் கிளப்பில் ‘மைக்’ என்று பெயர். மைக் இல்லாமலே அவர் பேச்சு கார் நிறுத்துமிடம் வரை கேட்கும். வக்கீல் உறுப்பினர் ‘வெறுமை’ என்ற சொல்லை முன்மொழிந்தார். ஞாயித்துக்கெழம காலங்காத்தால ‘வெறுமை’ன்னு கத்தினா எவனுக்காவது சுடத் தோணுமா, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கத்தான் தோணும் என்று தலைவர் நிராகரித்தார்.

அப்போதுதான் அப்பா ‘காலி’ என்றார். கிளப்பை ஆரம்பித்தவர்களில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான் என்பதால், அவர் வாயைத் திறந்தால் கூட்டம் அமைதியாகிவிடும். ரெண்டே எழுத்து, சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கத்துறதுக்குத் தோதா இருக்கு என்றார். அது தமிழ்ச் சொல்தானா என்று வக்கீல் சந்தேகம் கிளப்பினார். அதன் மேல் ஒரு கூட்டம் முழுக்கப் போனது. சொல் எங்கிருந்து வந்தது என்று நெடுநேரம் ஆராய்ந்தார்கள். எது காலி என்று யாரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. ரைஃபிள், பிஸ்டல் இரண்டு ரேஞ்சுக்கும் சம்பளம் வாங்கும் பாதுகாப்புப் பொறுப்பாளர் நான்தான். அந்தக் கூட்டத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தீர்மானத்துக்குக் கைதூக்கியவர்களில் நானும் ஒருவன்.

உனக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் எழுதிப் பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது. சுடுபவர் துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்துவிட்டு, குண்டறையை மூடும் போல்ட்டைத் திறந்து வைத்து, ‘காலி’ என்பார். துப்பாக்கி காலி, முன்னால் போய் இலக்குத் தாளை மாற்றலாம் என்று அர்த்தம். இலக்குப் பக்கம் பார்ப்பவர் அங்கே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவரும் ‘காலி’ என்பார். களம் காலி, சுடலாம் என்று அர்த்தம். ஒரே சொல். ஒரு காலிக்கு நடக்கலாம், இன்னொரு காலிக்குச் சுடலாம். முதல் இரண்டு வாரம் எதுவும் நடக்காததால், ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்கிறது என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள்.

பதினைந்து நாளைக்கு முந்தைய ஞாயிறு காலை. ரைஃபிள் ரேஞ்சில் அப்பா மூன்றாவது மேசையில் இருந்தார். எல்லோரும் சுட்டு முடித்து, துப்பாக்கியைத் திறந்து வைத்து, வரிசையாகக் காலி, காலி என்றார்கள். நான் புதுத் தாள்களோடு முன்னால் போனேன். பின்னாலிருந்தவர்கள் டீ குடிக்க மேசைகளை விட்டு விலகினார்கள். அப்பா விலகவில்லை. அவர் டீயைத் தன் மேசையிலேயே குடிப்பவர் என்பது உனக்குத் தெரியும்.

ஒவ்வொரு பலகையாகத் தாள் குத்திக்கொண்டு மூன்றாவது பலகைக்கு வந்தேன். அந்தப் பலகை கதவு அகலம் இருக்கும். கடைசி மூலைக்கான குண்டூசி கைநழுவிப் பலகைக்குப் பின்னால் விழுந்தது. பின்னால் போய்க் குனிந்து தேடினேன். பக்கவாட்டில் இரண்டு ரேஞ்சையும் பிரிக்கும் மண்சுவருக்கு அந்தப் பக்கம் பிஸ்டல் ரேஞ்சில் மைக் தன் களத்தைப் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விதிப்படி, தன் முழுக்குரலில் ‘காலி’ என்றார்.

அப்பா காதில் கவசம் மாட்டியிருந்தார். அந்தக் கவசத்தைத் தாண்டி அவர் காதில் விழக்கூடிய குரல் நம் ஊரில் அது ஒன்றுதான். தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். பலகையில் புதுத் தாள் இருந்தது, ஆள் இல்லை. குண்டைப் போட்டுச் சுட்டார்.

என் தலைக்கு மேலே பலகையில் ஏதோ தட்டியது போல இருந்தது. சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது, அல்லது எனக்கு அப்புறம்தான் கேட்டது. பின்னால் குண்டு பாய்ந்த மண்மேட்டிலிருந்து பிடரியில் மண் கொட்டியது. முதலில் தோன்றிய எண்ணத்தைச் சொன்னால் சிரிப்பாய். குண்டூசி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அது விரலில் இருந்தது.

பிறகு டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னதை எழுதுகிறேன். அப்பா டெலஸ்கோப்பில் பார்த்தார். நட்ட நடுவில் ஓட்டை. உனக்கும் எனக்கும் தெரிந்து அவர் இப்படிச் சுட்டு வருஷக்கணக்காகிறது. பின்னால் திரும்பி, பாத்தியாடா, நடுப் பத்து, கெழவன்னு சொன்னீங்களேடா என்றாராம். நான் பின்னால் நிற்கிறேன் என்று நினைத்து என்னிடம் சொல்லியிருக்கிறார். பதில் வராததால் இன்னொரு தடவை பத்தைப் பார்த்து மகிழலாம் என்று டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார். அப்போதுதான் நான் பலகைக்குப் பக்கத்தில் எழுந்து நின்றேன்.

அவர் என் முகத்தைத் துல்லியமாகப் பார்த்திருக்க வேண்டும். அது நல்ல டெலஸ்கோப். நீ வாங்கி அனுப்பியது.

கண்ணை எடுக்க அவருக்கு நேரமாயிற்று. எடுத்த பிறகு போல்ட்டைத் திறந்தார். காலி என்று காட்டும் ஆரஞ்சு நிறப் பட்டையைத் துப்பாக்கிக்குள் செருகினார். மேசையில் குழல்வாயைக் களத்துப் பக்கம் திருப்பி வைத்தார். எல்லாம் விதிப்படி, ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். கார் சாவி என்னிடம் இருந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவிடம் உப்புக் குறைவு என்றார். என்னைப் பார்க்கவில்லை, என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகும் கேட்கவில்லை. அம்மாவுக்கு விஷயம் மைக் மூலம் தெரிந்தது. மைக்குக்கு விஷயம் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்ததாக அர்த்தம். அவர் பாவம், வந்து அழுதார். நான் எங்க ரேஞ்சுக்குத்தானப்பா சொன்னேன், எங்க ரேஞ்சுக்குத்தான் சொன்னேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு நான்தான் ஆறுதல் சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினேன்.

கிளப்பில் வேறு மாதிரி. வக்கீல் என் தோளைத் தட்டி, குண்டூசி உன்னைக் குண்டுகிட்டேருந்து காப்பாத்திடுச்சுப்பா என்றார். அன்றைக்கு மட்டும் நாலு பேரிடம் அதைச் சொன்னார். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த விஷயம் ‘இதர’ என்ற தலைப்பின் கீழ், கழிப்பறைக் குழாய்க்கு அடுத்தபடியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சொல் சரியாக உச்சரிக்கப்பட்டதா? உச்சரிக்கப்பட்டது. சொல்லுக்குப் பிறகு சுடப்பட்டதா? பிறகுதான். ஆகவே விதிமீறல் இல்லை என்று கண்டார்கள். தாள் மாற்றுவதில் தாமதம் உண்டானதற்குக் காரணம் குண்டூசி என்பதால், இனி குண்டூசியைத் தடை செய்து கிளிப் பயன்படுத்துவது என்று தீர்மானித்தார்கள். எனக்கு உயிர் பிழைத்ததற்கு வாழ்த்து சொன்னார்கள். அதைக் குறிப்பில் சேர்த்தார்கள்.

அண்ணா, கூட்டம் முடிந்து நான் அலுவலக அறைக்குப் போனேன். நீ போன பிறகு கேட்டில் அட்டை வைக்கும் முறை வந்திருக்கிறது. உறுப்பினர் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கேட் திறக்கும். யாருக்குப் பச்சை, யாருக்குச் சிவப்பு என்பதை அலுவலகக் கணினி தீர்மானிக்கும். அந்தக் கணினிக்குக் கடவுச்சொல் பொறுப்பாளருக்கு மட்டும்தான் தெரியும். சந்தா கட்டாதவர்கள், குடித்துவிட்டு வந்த ஒருத்தர், துப்பாக்கியோடு செல்ஃபி எடுத்த ஒருத்தர், இவர்களை நான் சிவப்பாக்கியிருக்கிறேன். அன்று அப்பாவைச் சிவப்பாக்கினேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை. அதுதான் இப்போதும் என்னைப் பயமுறுத்துகிறது.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். அட்டையை வைத்தார், சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார். சட்டையில் தேய்த்துவிட்டு வைத்தார். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். காவலாளி, மெஷின் கோளாறா இருக்கும் ஐயா, நான் கைல தொறக்குறேன் என்று சாவியை எடுத்தான். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கி, மற்றவர்கள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். நான் உள்ளே தாள் குத்திக்கொண்டிருந்தேன், கிளிப்பால்.

இப்போதுதான் கமிட்டி அதிர்ச்சி அடைந்தது. குண்டு போனபோது வராத அதிர்ச்சி, சிவப்பு விளக்கு எரிந்தபோது வந்தது. மறுநாளே அவசரக் கூட்டம் போட்டார்கள். பல் டாக்டர் எழுந்து நின்றார். பெத்த அப்பாவுக்குக் கேட்டச் சாத்துற புள்ளைய நான் இப்பத்தான் பாக்குறேன் என்று தண்ணீர் குடித்தார். விளக்கம் கேட்காமல் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்றார் வக்கீல். எனக்கு யாரும் விளக்கம் கொடுக்கவில்லை, அவரிடம்தான் இருக்கிறது என்றேன். குறிப்பில் சேர்க்கவில்லை. மைக் மட்டும் எனக்காகப் பேசினார். பேசியது கார் நிறுத்துமிடம் வரை கேட்டதே தவிர, மேசைக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை. என்னை அங்கேயே உட்கார வைத்து அப்பாவின் அட்டையைப் பச்சையாக்கச் சொன்னார்கள். ஆக்கினேன். பிறகு என்னைப் பொறுப்பிலிருந்து விலக்கினார்கள். அடுத்த பொறுப்பாளரை யோசித்துச் சொல்வதாக இருக்கிறார்கள்.

வேலை போனதைப் பற்றி நீ கவலைப்படாதே. வேறு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். என்னால் தாங்க முடியாதது வேறு.

நேற்று அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். நடுவில் ஓட்டை விழுந்த அந்தத் தாளை அப்பா காவலாளியிடம் கேட்டு வாங்கி மடித்து வைத்திருக்கிறாராம். காலையில் நான் வெளியே போயிருந்தபோது, என் சட்டை ஒன்றைக் கொடியிலிருந்து எடுத்து, பின்னறையில் ஆணியில் மாட்டி, என் உயரத்துக்குச் சரியாகத் தூக்கிக் கட்டி, பலகையில் இருந்த உயரத்தில் தாளை அதன் மேல் பிடித்துப் பார்த்தாராம். வாழ்நாள் முழுக்க நிலம் அளந்தவர் அல்லவா. அளந்து பார்த்துவிட்டு, சட்டையைத் திரும்பக் கொடியில் போட்டுக் கிளிப்பும் மாட்டினாராம். என்னங்க பண்றீங்க என்று இவள் கேட்டதற்கு, ஒண்ணுமில்ல, ஈரமா இருந்துச்சு என்றாராம். சட்டை காய்ந்துதான் இருந்தது, நான் தொட்டுப் பார்த்தேன் என்றாள் அம்மா.

அண்ணா, கரையிறங்கியதும் அவரைக் கூப்பிடு. துப்பாக்கியைப் பற்றிப் பேசாதே. இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஸ்பீக்கரிலேயே பேசட்டும், பரவாயில்லை. வழக்கம்போல எல்லாம் விசாரித்துவிட்டு, தம்பி எப்படி இருக்கான்ப்பா என்று அவரிடம் கேள். என்னிடம் கேட்காதே, அவரிடமே கேள். அவர் உனக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பதில் சொல்வதற்கு முன்னால் என்னை ஒரு தடவை பார்த்துத்தான் ஆக வேண்டும். நான் பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன்.

கடல் அமைதியாக இருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: இதை அஞ்சலில் சேர்ப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. கமிட்டி அப்பாவையே பொறுப்பாளராக நியமித்தது. அன்று மாலை அவர் என் அறை வாசலில் வந்து நின்று, கடவுச்சொல் என்ன என்று கேட்டார். சொன்னேன். மெதுவா சொல்லு, கேக்கல என்றார். மெதுவாகச் சொன்னேன். கேட்டுக்கு வெளியே இருக்கும் அலுவலக அறைக்குப் போய் ஓர் அட்டையைச் சிவப்பாக்கிவிட்டு வந்தார். அவருடையது. பொறுப்பாளர் உள்ளே இல்லாமல் சுடக் கூடாது என்பது கிளப் விதி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு ரேஞ்சும் பூட்டிக் கிடந்தன.