நீ கொடுத்துப் போன இரத்தம்

என் பெரியண்ணே,

நீ போனபிறகு இரண்டு பூண்டு வெள்ளாமை எடுத்துவிட்டேன். பள்ளங்கியில் இருக்கும் நம் காட்டை நான்தான் பார்க்கிறேன். வீட்டில் நான் ஒருத்திதான். சமைத்தது மிஞ்சிப் போகிறது, அளவு இன்னும் பிடிபடவில்லை.

அப்பா, அத்தை, பிறகு நீ. மூவருக்கும் ஐம்பதைத் தொடும் முன்பே குடலில் புற்று. ஊரார் செய்வினை என்றார்கள். நீயோ இரத்தம் போனதை மூலம் என்று சொல்லி மறைத்தாய். ஈரலுக்குப் பரவிய பிறகுதான் மதுரைக்குப் போனோம். என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே?

பரம்பரையாக வரும் குடல் புற்றுநோயை ஆராய்கிற டாக்டரம்மா உன் கட்டிலருகே உட்கார்ந்து, நம் வம்சத்தையே காகிதத்தில் வரைந்தது நினைவிருக்கிறதா? உன் இரத்தம் வேண்டும் என்றார்.

"இதனால நான் பொழச்சுக்குவேனா?"

"இல்லைங்க. ஒங்க கூடப் பொறந்தவங்களுக்கு உதவும்."

"அப்ப வெரசா எடுங்க."

முடிவு வந்தபோது நீ இல்லை. செல் பிரியும்போது விழும் பிழைகளைத் திருத்துகிற மரபணு ஒன்று உடம்பில் இருக்கிறதாம். நம் வீட்டில் அது பழுதாகி, அப்பாவிடமிருந்து இறங்கியிருக்கிறது. பிள்ளைகளில் யாருக்கும் வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. என்னைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். எனக்கு வந்திருக்கிறது.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கத் தனியாகப் போனேன். "கூட யாரும்மா வந்திருக்கா?" என்று நர்ஸ் கேட்டார். "எங்கண்ணே டீ குடிக்கப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டேன். பொய்தான். வேறு யாரைச் சொல்வேன்? புற்றாக மாறும் முன்பே ஒரு சிறு கட்டியை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மலை ஏறும் வரை அழுதேன்.

கூடப் பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தோடு பாச்சலூரில் சின்னண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கேன். வம்சத்துலயே சீக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்லப்போறியா? இனிமே இந்த வாசல மிதிக்காத."

ஒரு வருடம் பேச்சில்லை. குலசாமி கும்பிடுக்குக்கூட எனக்குச் சொல்லவில்லை. நான் செய்தது தப்பா என்று கேட்க நீயும் இல்லை.

போன மாதம் மதினி போனில் கிசுகிசுத்தார். "செல்வி, ஒங்கண்ணனுக்கு ரெண்டு மாசமா ரத்தம் போகுது. என்னையவும் சொல்லவிடல. பெரியவரு மாதிரி ஆயிருமோன்னு பயமா கெடக்கு."

மறுநாள் வெள்ளனே போய் நின்றேன். சின்னண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மதுரை ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் வாய் திறந்தார்.

"பெரியவன் பயந்தானா?"

"பயந்துச்சுண்ணே. வெளிய காட்டிக்கல."

அவருக்கும் புற்றுதான் அண்ணே. ஆனால் குடலைத் தாண்டவில்லை. அறுத்து எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் கழித்து வந்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டரம்மா. நேற்று அவரைப் பாச்சலூரில் விட்டுவிட்டு வந்தேன். நம் வீட்டுக் கதவைத் திறந்ததும், "பெரியண்ணே, சின்னண்ணே பொழச்சுக்கிருச்சு" என்று சத்தமாகச் சொன்னேன். பதில் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்? அதனால்தான் எழுதுகிறேன்.

இனி பரிசோதிக்க மிச்சமிருப்பது சின்னண்ணன் மகள் தேன்மொழி. அவளிடம் இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்வேன். கல்யாணம் பேசி முடிக்கும் முன்பே, பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொல்வேன். வருகிற சம்பந்தம் போனாலும் போகட்டும். என் மேல் அவள் கோபப்பட்டாலும் படட்டும். அந்த ஆஸ்பத்திரிக்கு அவளைத் தனியாகப் போகவிட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உனக்குப் பின் பிறந்து, உன்னால் பிழைத்திருக்கும்
உன் தங்கை
செல்வி