நெவீரா என்று பெயர் வைத்தார்கள்

ஜனவரி 12, ஞாயிறு

பூங்காவில் இன்றும் சண்டை. புத்தகமா, சீரியலா – அதே பழைய சண்டை. 'ஏழாம் கரை' தொடரைப் பார்க்கிறவர்களும் அதன் மூல நாவல்களைப் படிக்கிறவர்களுமாகச் சேர்ந்த எங்கள் 'கரைவாசிகள்' குழு, மாதம் ஒரு ஞாயிறு காலை லஸ் பக்கத்துப் பூங்காவில் கூடிக் கத்திவிட்டுக் கலையும். நான்தான் அட்மின். காலேஜில் இங்கிலீஷ் நடத்துகிற நாற்பத்தொன்பது வயசுக்காரிக்குக் கடல் ராட்சசன் கதை தேவையா என்று வேதாந்தம் கேட்கிறார். கட்டின மனுஷர், கேட்கட்டும். அவர் ராத்திரி பகல் கிரிக்கெட் பார்ப்பதை நான் கேட்டேனா?

குழுவில் ஒரே ஒரு சட்டம். நாவலைப் படித்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அடுத்தது என்ன என்று யார் கெஞ்சினாலும் பதில், "பாரு, தெரியும்." தொடரில் வருகிற கிழப் படகோட்டி சாகப்போவதை பரத்வாஜ் முன்கூட்டியே உளறினான், அன்றைக்கே அவனைக் குழுவிலிருந்து தூக்கினேன். தாட்சண்யமெல்லாம் பார்க்கவில்லை. மற்றவர்களில் முன்னால் ஓடுகிற அச்யுத்கூட மூன்றாம் நாவலோடு மூச்சு வாங்குகிறான். ஆக, ஐந்தாவதும் கடைசியுமான நாவலைப் படித்தவள் இப்போது குழுவில் நான் ஒருத்திதான்.

நிஷா வயிற்றைத் தூக்கிக்கொண்டு சைதாப்பேட்டையிலிருந்து வந்திருந்தாள். எல்லோரும் அவளுக்கு பெஞ்சில் இடம் விட்டோம். திடீரென்று கையைத் தூக்கி, "பொண்ணு பொறந்தா நெவீரான்னுதான் பேரு. முடிவு பண்ணிட்டேன்," என்றாள். ஒரே கைதட்டல். நெவீரா எங்கள் கதையின் படகு ராணி.

நானும் கைதட்டினேன்.

ஜனவரி 13

காலையிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நிஷா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வேதாந்தத்துக்கு ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்தவள். ராயப்பேட்டையில் ஒரு லேபில் வேலை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே மேஜையில் கிடந்த நாவலைப் பார்த்துவிட்டாள். "ஐய, இது நெவீரா கதைதான? நான் தமிழ்ல பாக்கறேன் ஆன்ட்டி!" ஆன்ட்டி கீன்ட்டி என்றால் காப்பி கிடையாது என்றேன். அன்றிலிருந்து அக்கா.

அவளுக்கு முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. படுத்துக் கிடந்த நாட்களில் புருஷன் டில்லிபாபு போனில் போட்டுக்கொடுத்த தொடர் இது. முதல் சீசனில் நெவீராவின் கைக்குழந்தையைக் கடல் கொண்டுபோகும். மறுநாள் அவள் எழுந்து துடுப்பை எடுத்து ஊர் ஜனத்தை அக்கரை சேர்ப்பாள். "அவ எழுந்தா. சரி, நாமளும் எழுந்துக்கலாம்னு எழுந்தேங்கா," என்று என் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள்.

ஐந்தாம் நாவலின் கடைசி அத்தியாயத்தில் நெவீரா என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். நிஷாவுக்குத் தெரியாது.

பிறப்பது பையனாக இருந்தால் பிரச்சினையே இல்லை.

பிப்ரவரி 20

பெண். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல். இருவரும் சுகம். டில்லிபாபு போனில் அழுதான், சிரித்தான், மறுபடி அழுதான்.

மார்ச் 16, ஞாயிறு

பெயர் வைத்தார்கள். குழு மொத்தமும் சைதாப்பேட்டை போனோம். சின்ன வீடு, மாடிப்படி வரைக்கும் ஜனம். டில்லிபாபு எல்லோரிடமும் ஒரே புலம்பல்: "இன்னா பேருங்க இது, மெடிக்கல்ல மாத்திர பேரு மாரி கீது!" ஆனால் தன் ஆட்டோவின் பின்கண்ணாடியில் மஞ்சள் எழுத்தில் 'நெவீரா' என்று அதற்குள் ஒட்டிவிட்டிருந்தான். ஓரத்தில் ஒரு படகு வேறு. எங்களையெல்லாம் தெருவுக்குக் கூட்டிப் போய்க் காட்டினான்.

சடங்குக்கு முன்னால் நிஷா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். முகத்தில் மஞ்சள், கண்ணில் தூக்கம். "அக்கா, நீ படிச்சிட்ட. ஒண்ணே ஒண்ணு சொல்லு, வேற எதுவும் கேக்க மாட்டேன். கடசி வரிக்கும் அவ நல்லவளாத்தான இருப்பா?"

வெளியே தொட்டிலைச் சுற்றி எல்லோரும் காத்திருந்தார்கள். நான் அவள் கன்னத்தைத் தட்டி, "பாரு, தெரியும்," என்றேன்.

அவள் சிரித்தாள். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்கிறாள் என்று எனக்கும் தெரிந்தது. போய்க் குழந்தையின் காதில் மூன்று தரம் அந்தப் பெயரைச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து வேதாந்தத்திடம் சொன்னேன். பேப்பரை மடித்துவிட்டு, "சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி. பேர் வெக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்காளே," என்றார். சட்டம்னு ஒண்ணு இருக்கோல்லியோ என்று கத்தினேன். தவிரவும் டிவிக்காரன் நாவலை எங்கே ஒழுங்காக எடுத்தான்? நாலு சீசனாக நாலு இடத்தில் மாற்றியிருக்கிறான், இதையும் மாற்றாமலா இருப்பான்?

இதே டிவிக்காரனை, நாவலை மாற்றினதற்காக மாதாமாதம் பூங்காவில் நின்று திட்டுகிறவள் நான்.

மே 19, திங்கள்

கடைசி சீசன் ஆரம்பம். காலேஜ் லீவு. காலையில் காப்பியோடு உட்கார்ந்து பார்த்தேன். பிரமாதம். நாவலில் இருக்கிறபடியே எடுத்திருக்கிறான். கடைசி வரைக்கும் இப்படியேதான் எடுப்பானா?

ஜூன் 9

நாலு எபிசோட் ஆயிற்று. வரிக்கு வரி நாவல். நாவல்படியே போகிறது என்று மட்டும் குழுவில் சொன்னேன், அதற்கு அச்யுத் எழுதுகிறான்: "கடைசில திருந்திட்டாங்க மேடம், உங்களுக்கு சந்தோஷம்தானே?" ரொம்ப சந்தோஷம்.

நிஷா குழந்தையின் படம் போட்டிருக்கிறாள். கையில் பால் கரண்டி. கீழே, 'எங்க ராணி துடுப்பு எடுத்தாச்சு.' குழுவில் எல்லோரும் இதயம் இதயமாகப் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன், வேறென்ன செய்வேன்.

ஜூன் 23

பாறையைக் காட்டிவிட்டான். நடுக்கடலில், நாவலில் வருகிற அதே கறுப்புப் பாறை. இனி மாற்றமாட்டான். கடல் ஓர் உயிரைக் கேட்கும். ஊர் பிழைக்க நெவீரா தன் இரண்டாவது குழந்தையை அந்தப் பாறையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படகைச் செலுத்துவாள். நாவலாகப் படித்தபோது எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது. என்ன எழுத்து என்று வகுப்பிலே கூடச் சொன்னேன்.

நிஷா இதைத் தனியாக உட்கார்ந்து பார்ப்பாள். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பார்ப்பாள். முடியாது. சொல்லிவிட வேண்டியதுதான். சட்டமாவது மண்ணாவது.

ஜூன் 26

சொல்லிவிட்டேன்.

குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. நிஷா கயிற்றை ஆட்டிக்கொண்டே கேட்டாள். நான் சுற்றி வளைத்து, ஊர் ஜனம், தியாகம், கடலின் நிபந்தனை என்று ஏதோ லெக்சர் அடித்தேன். அவள் கடைசியில் நிறுத்தச் சொன்னாள்.

"பாறை மேல வெச்சிட்டுப் பூடறாளா?"

"ஆமாம்."

"மொத கொழந்தைய கடல் எடுத்துக்கினு போச்சேன்னு அயுதாளே, அவளா?"

"ஆமாம் நிஷா."

தூளி நின்றுவிட்டது. குழந்தை சிணுங்கியது. அவள் மறுபடி ஆட்டத் தொடங்கவில்லை. நான் கயிற்றைப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையால் தடுத்தாள்.

"எப்ப படிச்ச நீ இத?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"பேரு வெக்கறதுக்கு மின்ன உன்கிட்ட கேட்டேனே அக்கா. அன்னிக்கி சொல்லியிருந்தா அது வெறும் பேரு. வேற வெச்சிருப்பேன். இன்னிக்கி அது என் கொழந்த பேரு."

சொன்னேன்: நீ திடீர்னு பார்த்து அதிர்ச்சி ஆகக் கூடாதுன்னுதான் என்று. என் காதுக்கே கேவலமாக இருந்தது. அவள் கத்தியிருந்தால் தேவலை. குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வெயில் ஏறுது, கெளம்பு அக்கா," என்றாள்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூன் 28

நிஷா குழுவை விட்டு விலகினாள் என்று போன் காட்டுகிறது. எல்லோரும் ஏன் ஏன் என்று கேட்கிறார்கள். குழந்தையோடு நேரம் இருக்காது என்று எழுதினேன். பொய்யும் சேர்ந்துகொண்டது.

ஜூலை 7, திங்கள்

மாற்றிவிட்டான்.

பாறையில் குழந்தையை வைத்தாள். படகை எடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இசை மாறியது, கண்ணைத் திறந்தேன் – நெவீரா படகைத் திருப்புகிறாள். திருப்பி, கடலைப் பார்த்து ஒரு கத்து கத்தி, குழந்தையை வாரி எடுத்து முதுகில் கட்டிக்கொண்டு துடுப்புப் போடுகிறாள். கடல் வழி விடுகிறது. நாவலில் இல்லை! ஒரு வரி கூட இல்லை!

வேதாந்தம் ஓடி வந்து என்னடி ஆச்சு என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். மாத்திட்டான்னா, மாத்திட்டான், நான் எதுக்கு வாயைத் தொறந்தேன், இன்னும் பத்து நாள் பேசாம இருந்திருக்கப்படாதா... தேம்பித் தேம்பிச் சொன்னேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டியிருக்கலாம் அவராவது.

மார்ச்சில் சொல்லியிருந்தால் வேறு பெயர் வைத்திருப்பாள். ஜூனில் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்குக் குழந்தையைத் தூக்கிச் சுற்றியிருப்பாள். பேச வேண்டிய போது மூடிக்கொண்டிருந்து, மூடிக்கொண்டிருக்க வேண்டிய போது பேசியிருக்கிறேன்.

குழுவில் ஒரே கொண்டாட்டம். பரத்வாஜ் தனியாக எனக்கு அனுப்பியிருக்கிறான்: "என்ன மேடம், படிச்சவங்க எல்லாருக்கும் மூக்கு உடைஞ்சுதா?" சிரிக்கிற பொம்மை வேறு.

ஜூலை 8

நிஷாவுக்கு மூன்று தரம் போன் செய்தேன். எடுக்கவில்லை. 'அவள் திரும்பி வந்துவிடுகிறாள் நிஷா, நீ பார்' என்று அடித்தேன். அழித்தேன். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளுக்கு இன்னொரு முடிவைச் சொல்வது?

ஆகஸ்ட் 21

லஸ் சிக்னலில் டில்லிபாபுவின் ஆட்டோ. அவன்தான் முதலில் பார்த்து ஓரங்கட்டினான். "ஏறுங்க, வூட்ல வுட்டுட்டுப் போறேன்." பின்கண்ணாடியில் மஞ்சள் எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தான். பசை போகவில்லை. தூசி ஒட்டி, பெயர் முன்னைவிட இன்னும் நன்றாகவே தெரிந்தது. படகை மட்டும் விட்டு வைத்திருந்தான்.

"பேர மாத்திட்டோங்க. எங்கம்மா பேரு, தேவானை. கார்ப்பரேசன் ஆபீஸ்ல எழுதிக் குட்த்துட்டோம்."

"நிஷாதான் சொன்னாளா?"

"அவதான். நான் வேணான்னேன். பழகிப் பூட்ச்சி இல்ல? அந்தப் பேர கூப்புட்டா பாறதான் நெனப்பு வருதுன்னு அயுவறா. இன்னா பண்றது, நைட்டெல்லாம் தூங்காம கொழந்தைய இறுக்கிப் புடிச்சிக்கினு கெடந்தா. சரிம்மா, மாத்திக்கோன்னேன்."

கடைசி எபிசோட் பார்த்தீர்களா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. இறங்கும்போது, "வந்து பாருங்க ஒரு தபா. கோவமெல்லாம் பெர்சா இல்ல," என்றான். பெரிசாக இல்லையாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூங்காக் கூட்டத்துக்குப் போகவில்லை. அட்மின் பொறுப்பை அச்யுத்திடம் கொடுத்துவிட்டேன். பரத்வாஜைத் திரும்பச் சேர்த்துக்கொள் என்றும் சொன்னேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று போனேன். சரஸ்வதி பூஜை சுண்டல் தீர்ந்து போயிற்று, வெறுங்கையோடு போக முடியுமா, ரங்கநாதன் தெருவில் கூட்டத்தில் இடிபட்டு ஒரு கவுன் வாங்கிக்கொண்டு போனேன்.

நிஷா கதவைத் திறந்து, "வாங்க," என்றாள். எப்போதும் வா அக்காதான். பரவாயில்லை, திறந்தாளே.

குழந்தை தரையில் உட்கார்ந்து டப்பா மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. முன்பல் இரண்டு. டில்லிபாபு, "தேவானை, யாரு வந்துக்கறா பாரு!" என்றான். மூடியைத்தான் தட்டியது. "தேவானை! ஏய் தேவானை குட்டி!" ம்ஹூம். அவன் சவாரிக்குக் கிளம்பினான். நிஷா பால் வைக்க அடுப்படிக்குப் போனாள்.

நான் குனிந்து கவுனை நீட்டினேன். சத்தியமாக நினைத்துச் சொல்லவில்லை. "நெவீரா," என்று வந்துவிட்டது.

சட்டென்று திரும்பியது குழந்தை. மூடியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தது.

நிமிர்ந்தால் அடுப்படி வாசலில் நிஷா. "மன்னிச்சுக்கோ, தவறிப்போய்..."

"அதுக்கு அந்தப் பேருதான் தெரியும்," என்றாள். "நாங்கதான மாத்தினோம்."

வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். குழந்தை அவள் மடிக்குத் தவழ்ந்து போயிற்று. அதன் தலையைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "கடசில வுட்டுட்டுதான போனா?" என்று கேட்டாள்.

பாரு, தெரியும் என்கிற அந்தப் பாழாய்ப்போன வார்த்தை இந்தத் தடவை வாயில் வரவில்லை.

"இல்லை நிஷா. டிவியில மாத்திட்டாங்க. திரும்பி வந்து தூக்கிண்டு போயிட்டா."

"தூக்கிக்கினு போயிட்டாளா?"

"முதுகுல கட்டிண்டு."

உள்ளே பால் பொங்குகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். குழந்தை மறுபடி மூடிக்குத் திரும்பியிருந்தது.

நிஷா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு மெதுவாக, "தேவானை," என்று கூப்பிட்டாள்.

குழந்தை திரும்பவில்லை.

"போகப் போக பழகிடும்கா," என்றாள்.